ஸக்கியாவின் வாக்குமூலம்

கையொப்பம் இல்லாத எதையும் நான் நம்பியதில்லை. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க உத்தியோகம், அதில் பாதிக்கு மேல் காணி விசாரணை. ஜின் உண்டு என்பது மார்க்கம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஜின் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் போதுமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் 'மேலதிக விசாரணைக்கு' என்று ஓரத்தில் எழுதி மூடி வைத்திருப்பேன். நடந்தது நடுச்சாமத்திலும் அல்ல, லுஹர் தொழுது, சோறு தின்று, கல்முனை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த பகலில்.

என்னிடம் ஒரு எம்.பி.த்ரீ இருந்தது. சிகரெட் லைட்டரை விடக் கொஞ்சம் பெரிது, வெள்ளி நிறம், கழுத்தில் மாட்டக் கயிறு, நீல வெளிச்சத்தில் பாட்டின் பெயர் ஓடும் சின்னத் திரை, உள்ளே ஒரே ஒரு ஒல்லி பற்றரி. என் தங்கையின் மகன் கட்டாரிலிருந்து அனுப்பியது. ஊரில் எல்லோரும் கைபேசியில் பாட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகும் நான் அதை விடவில்லை, அது யாரையும் எனக்குக் கோல் எடுக்க விடாது என்பதே அதன் பெரிய சிறப்பு. பற்றரி மாற்றினால் அதன் முதுகில் பேனையால் திகதி எழுதுவேன். சிரிக்காதீர்கள், அந்தப் பழக்கத்தால்தான் எதை எப்போது செய்தேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடிகிறது.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஸக்கியா மௌத்தாகி, அடக்கம் செய்து எட்டாவது மாதம்தான் அந்தக் கருவியே வாங்கப்பட்டது. கட்டார்க் கடையின் முத்திரையும் திகதியும் போட்ட உத்தரவாத அட்டை இன்றும் என் பத்திரக் கோவையில் இருக்கிறது.

மகள் பர்ஹானாவின் காவினுக்கு, கலியாண எழுத்துக்கு, ஒன்பது நாள் இருந்தது. மாப்பிள்ளை இர்ஷாத், பொத்துவில் பொடியன், வங்கியில் வேலை. பேசி முடித்து ஒரு வருடம், அந்த ஒரு வருடமும் மகள் கைபேசியும் கையுமாகத்தான் திரிந்தாள், நான் காணாதவன் போல் இருந்தேன். எங்கள் பக்க வழக்கப்படி வீட்டை மகளுக்கே எழுதியாயிற்று, அதனால் சட்டப்படி நான் பின்னறையில் தங்கியிருக்கும் விருந்தாளி. முன்னறையில் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சாய்மனைக் கதிரையில் காதில் வயரைச் செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது வரவில்லை. வெறும் இரைச்சல், கடலுக்குத் தூரமாய் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி.

பிறகு ஒரு பெண் குரல் "ஓம்" என்றது.

ஆமாம் என்பதற்கு ஸக்கியா சொல்லும் அந்த 'ஓம்' இருபத்து மூன்று வருடம் எனக்குப் பழக்கம். கொஞ்சம் இழுத்து, முடிவில் மூச்சை விட்டு. நான் கண்ணைத் திறந்தேன். திரையில் பாட்டின் பெயர் இல்லை, குரல் பதிவுக்கான பகுதியில் முதலாவது பதிவு என்று காட்டியது. அந்தக் கருவியில் குரல் பதியலாம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பொத்தானை நான் ஒருநாளும் அமுக்கியதில்லை. பெயின்ற் அடிப்பவர்கள் முன்னறையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நிமிடம் நாற்பது விநாடி. மூன்று தரம் கேட்டேன், பிறகு என்னையறியாமல் கடதாசியும் பேனையும் எடுத்தேன். அவள் பேசியது இவ்வளவுதான்:

"ஓம்."

"ஸக்கியா."

"பள்ளிக்கூடத்துல."

"ஆம்புளப் புள்ள. பொத்துவில் ஆக்கள்."

"தாய்க்கி அம்மை. சாச்சிதான் தூக்கிட்டு வந்த."

"அஞ்சு தரம்."

"வயிறு நெறய."

ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு இடைவெளி, ஒரு கேள்வி கேட்டு முடிக்கிற அளவுக்கு. வாக்குமூலம் எழுதியவர்களுக்கு இது உடனே பிடிபடும். நாங்கள் கேள்வியை எழுதுவதில்லை, பதிலைத்தான் எழுதுவோம், பதிலைப் பார்த்தே கேள்வி என்னவென்று சொல்லிவிடுவோம். பேர் என்ன? எந்த இடத்தில்? ஆணா பெண்ணா, எந்த ஊர்? ஆக, என் மனைவியை யாரோ விசாரிக்கிறார்கள். கபுறில், மண்ணறையில், கேள்வி கணக்கு உண்டு என்று படித்து வளர்ந்தவன் நான். அந்த எண்ணத்தை அதற்கு மேல் போக விடவில்லை.

என் மூளை என்ன செய்தது தெரியுமா? பள்ளிக்கூடம், ஆண்பிள்ளை, அஞ்சு தரம், வயிறு நிறைய. தரம் ஐந்தில், அதாவது ஐந்தாம் வகுப்பில், படிக்கும் பிள்ளைக்குப் பாடசாலை மதிய உணவு சரியாகக் கிடைக்கிறதா என்ற விசாரணை என்று முடிவெடுத்தேன். மௌத்தான மனைவி பேசுகிறாள், நான் அவளை எந்தத் திணைக்களத்தின் கீழ் போடுவது என்று யோசிக்கிறேன்.

அடுத்த நாள் பாட்டு ஏற்றித் தருகிற கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் கருவியைக் கணினியில் செருகி இரண்டு தடவை தேடினார்.

"இதுல ரெக்கோடிங் ஒண்டுமே இல்ல சேர். வெறும் பாட்டுத்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"சேர், இல்லாதத நான் எங்க இருந்து எடுக்கிற? அரசாங்கக் கச்சேரிக்கு எழுதிப் போடவா?"

வீட்டுக்கு வந்து செருகினேன். "ஓம்" என்றாள்.

காவினுக்கு மூன்று நாள் இருக்கையில் விவாகப் பதிவாளர் படிவங்களோடு வந்தார். என் பழைய சிநேகிதர், வாயைத் திறந்தால் நக்கல்.

"சேர், உங்கட ஊட்டுக் கலியாணம். பிழை புடிச்சா எனக்கு இடமாற்றம் வருமே எண்டு பயமாக் கிடக்கு."

"எழுதுங்க, பாப்பம்."

அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டுப் போனார். பெண்ணுக்கு வலி, அதாவது பொறுப்பாளர், யார், மஹர்ப் பணம் எவ்வளவு, சாட்சிகள் யார். கடைசியில் சும்மா வாய்ப்பாடு போல, "பால்குடி உறவு ஒண்டும் இல்லத்தானே? இந்தக் காலத்துல ஆரு மத்தவன்ட புள்ளைக்கிப் பால் குடுக்கிற" என்றார்.

நான் கோப்பையை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய், அவள் பேசியதை எழுதி வைத்திருந்த கடதாசியை எடுத்தேன்.

மார்க்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வயது முடியாத பிள்ளைக்கு ஒரு பெண் வயிறு நிறைய ஐந்து தரம் பால் கொடுத்தால் அவள் அந்தப் பிள்ளைக்குத் தாய். அவள் பிள்ளைகள் அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள். கலியாணம் ஹராம். இது எனக்குத் தெரியாத சட்டம் அல்ல, எட்டு வயதில் கிதாபில் ஓதியது. ஆறு நாளாகக் கையில் வைத்துக்கொண்டு மதிய உணவு என்று நினைத்திருந்தேன்.

பிரச்சினைக் காலத்தில், யுத்தம் மூண்டபோது, ஊர்கள் கலைந்து பல ஊர்ச் சனமும் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தது. பர்ஹானா ஐந்து மாதக் குழந்தை. நான் வெளி மாவட்டத்தில் வேலை, பாதை பூட்டு, இரண்டு கிழமை, பதினான்கு நாள், வர முடியவில்லை. அந்த இரண்டு கிழமையைப் பற்றி ஸக்கியா அதிகம் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

அன்றே பஸ் ஏறிப் பொத்துவில் போனேன். இர்ஷாதின் சாச்சி, தாயின் தங்கை, தனியாக இருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"ஆரு காக்கா உங்களுக்குச் சொன்ன?"

"ஒரு ஆள் சொன்ன. உண்மையா இல்லையா?"

"ராத்தாவ அம்மையெண்டு ஒதுக்கி வெச்சிருந்த. பால்மாப் பொட்டி ஒண்டுமில்ல, புள்ள கத்திக் கத்தி நீலமாப் போச்சி. பக்கத்து வகுப்புல ஒரு பொம்புளக்கிட்டக் கொண்டு போன. பேர் தெரியா காக்கா. கல்முனை ஆக்கள் எண்டு மட்டும் தெரியும். ராத்தாக்கிட்ட மாப்பால் எண்டுதான் சொன்ன நான்."

"அவட அடையாளம் ஏதும்?"

"வலக் கைல, மணிக்கட்டுக்கு மேல சூட்டுத் தழும்பு. பாம்பு மாதிரி வளஞ்சி."

கலியாணமான புதிதில் அப்பம் சுடும்போது என் கண் முன்னால் ஸக்கியாவின் கையில் பட்ட சூடு அது.

"எத்தின தரம்?"

அவர் விரல் மடித்து எண்ணினார். ஐந்தாவது விரலில் நின்றது.

காவின் நின்றது. பந்தலைக் கழற்றினார்கள். இர்ஷாதின் தாய் என் வீட்டு வாசலில் இருந்து அழுதார். பொடியன் என் கையைப் பிடித்துவிட்டுப் போனான். மகள் மட்டும் அழவில்லை. புதுப் பெயின்ற் மணத்த முன்னறையில் கட்டிலில் இருந்துகொண்டு கேட்டாள்.

"ஆரு வாப்பா சொன்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். பொத்துவில் சாச்சி என்று சொன்னால் கோவை அழகாக மூடியிருக்கும். ஆனால் அவள் வாழ்க்கையை நான் எந்தச் சாட்சியில் நிறுத்தினேன் என்று அறிய அவளுக்கு உரிமை உண்டென்று தோன்றியது. கழுத்திலிருந்து கருவியைக் கழற்றி அவள் காதில் வைத்தேன்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். உம்மாவின் குரல் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு அந்த முகம் மெல்ல மாறியது. வயரைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"தெரிஞ்சிக்கிட்டே ஏன் வாப்பா ஒரு வருஷம் கதைக்க உட்ட?"

"எனக்கு எங்க மகள் தெரியும்? இப்பத்தானே நானும்..."

"பொய் சொல்லாதீங்க. உம்மாக்கிட்டக் கேள்வி கேக்கிறது நீங்கதானே. பேர் என்ன எண்டு, எத்தின தரம் எண்டு. உங்கட குரல் எனக்குத் தெரியாதா?"

உத்தரவாத அட்டையைக் கொண்டு வந்து காட்டினேன். உம்மா மௌத்தாகி எட்டாவது மாதம்தான் வாங்கியது என்று திகதியைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

பிறகு வேறு இடத்தில் கலியாணம் முடித்தாள், மருமகன் நல்ல மனிதர், பிள்ளைகள் என் மடியில் வளர்கிறார்கள். பின்னறைக்குச் சோறு நேரத்துக்கு வருகிறது, தேத்தண்ணி வருகிறது, என் மருந்து முடியும் முன்னமே வாங்கி வைக்கிறாள். அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. நான் தெரிந்துகொண்டு ஒரு வருடம் மறைத்தவன் என்றுதான் இன்றும் நினைக்கிறாள்.

கருவி இன்னும் பாடுகிறது. வருடத்தில் ஒன்றிரண்டு தரம் அந்தப் பதிவும் தானாக வரும். எனக்குக் கேட்பது ஸக்கியா மட்டும்தான், நடுவில் அந்த இரைச்சல்தான், அல்லாஹ் மேல் ஆணை. ஆனால் போன மாதம் சவரம் செய்துகொண்டிருந்தபோது அது வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். இடைவெளி வரும் ஒவ்வொரு தரமும் என் தொண்டை அசைந்துகொண்டிருந்தது.