நாற்பத்திரண்டாவது அட்டை

பல் டாக்டர் "வாயைத் திறங்க" என்றதும் அட்டைக்காரர் திறந்தது சட்டைப்பையை. கட்டப்போகும் பல்வரிசையை டாக்டர் ஏதோ பேச்சுவாக்கில் 'பிளேட்' என்று சொல்லிவிட்டார். நீட்டிய அட்டையில் டாக்டர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தது.

கலைச்சொல் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக உதவி ஆசிரியர். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் துறையில் என்ன பொருள் என்று தொகுப்பது வேலை. மற்றவர்கள் எழுத்து எழுத்தாகத் தாண்டி ஓட, இவர் 'பிளேட்'டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓட்டல்காரருக்குத் தட்டு, அச்சகத்தாருக்கு எழுத்தைச் சுமக்கும் தகடு, வண்டிக்காரருக்கு எண் பலகை, நிலநூல் படித்தவருக்குக் காலடியில் நகரும் பூமியின் ஓடு. அகராதியைப் பார்த்து எழுதுவது அடுத்தவர் எச்சில் என்பார். அந்தப் பொருளோடு புழங்குகிறவரின் கையெழுத்து இல்லாத அட்டை செல்லாது. இப்படி நாற்பத்தோரு அட்டைகள், ஒரு செருப்புப் பெட்டியில். அலுவலகத்தில் அவருக்கு அட்டைக்காரர் என்றே பெயர்.

"நானும் இருவது வருசமா பிளேட் கழுவுறேன். எங்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கினீங்களா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். சமையல் துறை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

போன மாதம் அவள் மாடிப்படியில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு டாக்டர் ஒப்புதல் தாளை நீட்டி, உடனே பிளேட் வைக்க வேண்டும் என்றார். அட்டைக்காரர் கையெழுத்துப் போடவில்லை. அது தகடா, பட்டையா, திருகுகளும் அதில் சேர்த்தியா என்று விசாரித்தார். விளங்காத சொல்லுக்குக் கீழே அவர் இதுவரை பெயர் எழுதியதில்லையாம். இன்னும் ஐந்து நிமிடம் போனால் அறுவை அரங்கம் அடுத்தவருக்கு, இவளுக்கு நாளைக்குத்தான் என்றாள் நர்ஸ். கால் வீங்கிக்கொண்டிருந்தது.

தள்ளுவண்டியில் கிடந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். "அந்தப் பேப்பரை இங்க குடுங்க டாக்டர். இவர் அர்த்தம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எலும்பு தானாவே கூடிடும், கோணலா." தானே கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மணி நேரம் அவர் வராந்தாவில் வெற்று அட்டையோடு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த டாக்டர், ஆறு திருகோடு பிளேட் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றார்; ஆளைப் புரிந்துகொண்டவர் போலத் தானாகவே பேனாவையும் எடுத்தார். அட்டைக்காரர் அட்டையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அவள் கண் விழித்தபோது அட்டையை அவள் கையருகே வைத்தார். எழுதத் தோதாக, அதற்கு அடியில் தன் உள்ளங்கையை விரித்துக் கொடுத்தார்.