கோழியும் கொக்குமான புறாக்கள்

எங்கள் வீடு மேனாம்பேட்டில். மொட்டைமாடியில் துணி உலர்த்த ஒரு மூலைதான் மிச்சம், மற்றதெல்லாம் அண்ணனின் புறாக்கூண்டு. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை முடித்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல் மேலே ஏறிவிடுவான். கீழே ஹாலில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தகரக் கூரையில் நகம் கீறும் சத்தமும், அவன் நாக்கைத் தட்டிப் புறாவைக் கூப்பிடும் சத்தமும் கேட்கும்.

அவை ரேஸ் புறாக்கள். கூடைகளில் அடைத்து, வேனில் ஏற்றி, நெல்லூர், ஓங்கோல் என்று ஆந்திரா பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் வீட்டு மாடியைத் தேடி வந்து இறங்கும். வேகமாக வந்த புறாவின் சொந்தக்காரருக்குக் கோப்பை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சுற்றுவட்டத்தில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். மண்ணூர்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர் அதற்குத் தலைவர்.

நான் அப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். போகிற இடமெல்லாம் "இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கீங்க, காட்டுங்க" என்று கேட்டார்கள். காட்ட ஒன்றும் இல்லை. அண்ணன் கிளப்பில் போய் என்ன சொன்னானோ, ஒருநாள் தலைவரே போன் செய்தார்.

"பாப்பா, நம்ம கிளப்புக்கு ஒரு வெப்சைட்டு போட்டுக் குடு. ஜெயிச்ச புறா பூரா போட்டோவா வரணும். பெங்களூர்க்காரன் பாத்தான்னா அப்டியே வயிறு எரியணும்."

வாட்ஸப்பில் படங்கள் வந்து குவிந்தன. ஒருவர் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தார், ஒருவர் படுக்க வைத்து. ஒரு புறா பைக் சீட்டில் நின்றது. ஒன்று தண்ணீர்த் தொட்டியின்மேல், கடுகு அளவுக்குத் தெரிந்தது.

நான் வெப்சைட்டுப் பக்கத்தில் ஒரே அளவில் சதுரப் பெட்டிகளை வரிசையாக அமைத்தேன். படம் பெட்டியின் அகலம் முழுவதையும் உயரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளட்டும் என்று, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் எழுதினேன். எல்லாப் பெட்டியும் நிரம்பியது. வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. வரிசையைப் பார்த்த சந்தோஷத்தில் புறாக்களை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. லிங்க்கை அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவர் வீட்டு மாடியில் கிளப் கூடியது. அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். தலைவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இன்னாம்மா இது? என் சேம்பியன கோழி மாரி ஆக்கி வச்சிகீற?"

பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "உன்துனாச்சும் கோழி மாமே. என்து கொக்கு!"

மாடியே சிரித்தது. நிமிர்த்தி எடுத்த படங்கள் சதுரத்துக்குள் அமுங்கி, புறாக்கள் குண்டாகியிருந்தன. படுக்க வைத்து எடுத்தவை பக்கவாட்டில் நசுங்கி, கழுத்து நீண்டு நின்றன. எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. அண்ணன்தான் முன்னே வந்தான்.

"மொத தபா போட்ருக்கா அண்ணாத்தே. சரி பண்ணிடுவா. கொஞ்சம் டைம் குடுங்க."

வீட்டுக்கு வந்து உயரத்தைப் படத்தின் இஷ்டத்துக்கு விட்டேன். புறாக்களுக்குப் பழைய உடம்பு திரும்பி வந்தது, ஆனால் படத்துக்குப் படம் உயரம் மாறி வரிசை குலைந்தது. அண்ணன் தட்டில் சோற்றோடு பின்னால் நின்று பார்த்தான். "பல்லு போன வாய் மாரி கீதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்புறம் தேடிப் படித்ததில்தான் ஆப்ஜெக்ட் ஃபிட் கண்ணில் பட்டது. பெட்டியின் அளவை மாற்றாமல், அதற்குள் படம் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லும் ஒற்றை வரி. கவர் என்று போட்டால், படம் நசுங்காமல் பெட்டியை நிரப்பும். கொள்ளாத மிச்சத்தை ஓரங்களில் வெட்டிவிடும். கன்டெய்ன் என்று போட்டால், எதையும் வெட்டாமல் முழுப்படத்தையும் உள்ளே வைக்கும். பெட்டியில் மீந்த இடம் வெறுமனே கிடக்கும். நான் கவர் போட்டேன். திரை சட்டென்று அழகானது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எல்லாம் ஒரே புறாவாட்டம்தான் கீது" என்றாள் அம்மா.

மறுநாளே தலைவர் அழைத்தார். "பாப்பா, ரிங்கு எங்க?"

"எந்த ரிங்குண்ணா?"

"கால்ல போட்ற ரிங்கும்மா. நம்பர் இருக்கும்ல. கால வெட்டிட்டியே! ரிங்கு இல்லாட்டி அது கோயில் கோபுரத்துப் புறாம்மா, ரேஸ் புறா இல்ல."

இன்னொருவருடைய புறாவுக்குத் தலையே இல்லை. கவர் எப்போதும் நடுவைப் பிடித்துக்கொண்டு ஓரங்களை வெட்டுகிறது. புறாவோ படத்தின் நடுவில் நிற்கவில்லை. கன்டெய்ன் போட்டுக் காட்டியபோது, முழுசாகத் தெரிந்தாலும் புறா சின்னதாகிவிட்டது என்று ஆளாளுக்குக் குறைபட்டார்கள்.

வழி இருந்தது. வெட்டுகிறபோது படத்தின் எந்தப் பகுதி பெட்டிக்குள் நிற்க வேண்டும் என்றும் தனியாகச் சொல்லலாம். மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் என்று நகர்த்தலாம். ஆனால் எதை நிறுத்துவது? ஒருவருக்குக் கால், ஒருவருக்குக் கண். அதைப் புறாக்காரர்தான் சொல்ல வேண்டும்.

"அப்ப ஊடு ஊடா போய் கேட்ருவோம்" என்றான் அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு வெயிலும் புறா எச்ச வாசனையும் சேர்ந்து வருகின்றன. அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் இறுக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போனோம். நடுவில் கரும்பு ஜூஸ். அவன் ஐஸ் இல்லாமல் குடிப்பான், எனக்கு மட்டும் நிறையப் போடச் சொல்வான். ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததே இல்லை.

பாரிவாக்கத்தில் ஒருவர் வீட்டைச் சுற்றி எல்லைக்கல் நட்ட மனைகள். நிலம் இருந்த குடும்பம். நிலத்தை விற்ற பிறகு அவர் வேன் ஓட்டினார். "கண்ணு தெரியணும்மா. கண்ணப் பாத்துதான் ஜாதிப் புறான்னு சொல்லுவான்" என்றார். நான் படத்தைக் கீழே இறக்க, தலை பெட்டிக்குள் வந்தது. "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங், நிறுத்து, நிறுத்து!" லாரிக்கு ரிவர்ஸ் சொல்கிற குரல். அவரும் அண்ணனும் கைதட்டிக்கொண்டார்கள்.

கடைசியாக ஆவடி. மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் இருந்தார். அவருடைய படத்தில் புறாவை இரண்டு கைகள் ஏந்தியிருந்தன. மணிக்கட்டு நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். புறா நனைந்து, சின்னதாக இருந்தது.

"கை வேணாம்மா. புறாவ மட்டும் பெருசாக் காட்டு" என்றார்.

நான் கவர் போட்டு நகர்த்தினேன். வளையல்கள் பெட்டிக்கு வெளியே போயின. டீ கொண்டுவந்த அவர் மனைவி குனிந்து பார்த்தார்.

"ஏந்தாயி, எங் கைய எங்க?"

"புறாதானே முக்கியம்னு சார்..."

"யாரு, இவுகளா சொன்னாக?" தம்ளரை மேசையில் வைத்தார். "அன்னைக்கு இவுக ஷிஃப்ட்ல இருந்தாக. ஊத்துற மழை. இது வந்து சன்னல்ல விழுந்துச்சு. காலு ரிங்கக் கழட்டி மெசின்ல போட்டது நாந்தேன். தலையத் துவட்டி விட்டதும் நாந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூப்புட்டு போட்டோ எடுக்கச் சொல்லி அனுப்புனதும் நாந்தேன். கப்ப மட்டும் இவுக போயி வாங்கிட்டு வந்தாக."

புறா வந்து இறங்கினால் போதாது. நம்பர் ரிங்கைத் தவிர, ரேஸுக்கென்று காலில் தனியாக மாட்டும் ரப்பர் ரிங்கைக் கழற்றி, கிளப் கொடுத்த கடிகாரப் பெட்டிக்குள் போட்டால்தான் வந்த நேரம் பதிவாகும். தாமதித்தால் ஜெயித்த புறாவும் தோற்றதுதான். அண்ணன் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கணவர் டீயை ஆற்றினார், மறுபடியும் ஆற்றினார்.

"அவ பதியலன்னா கப்பு இல்லதான்" என்றார் கடைசியில். "முழுசாவே போட்ரும்மா."

அந்த ஒரு படத்துக்கு மட்டும் கன்டெய்ன் போட்டேன். கைகள், வளையல்கள், புறா, பின்னால் மழை வழியும் சன்னல், எல்லாம் பெட்டிக்குள் வந்தன. இரண்டு பக்கமும் வெள்ளை இடம் விழுந்தது. "அது என்ன, ஆசுபத்திரிச் சுவராட்டம்?" என்று அந்த அம்மா கேட்டதால், பின்னணிக்கு வளையலின் பச்சையையே எடுத்துக் கொடுத்தேன். "ம்" என்றார். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை.

பக்கம் முடிந்ததும் தலைவர் எல்லாவற்றையும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அது ஒன்னு மட்டும் இன்னாத்துக்கு பச்சையா தனியா கீது?" அண்ணன் கதையைச் சொன்னான். அவர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "வுடு, இருக்கட்டும். ஷோக்காதான் கீது" என்றார்.

அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. எஸ்டேட்டில் மாடியில் இருந்த சின்ன ஆபீஸ். நேர்காணல் செய்தவரின் மச்சானும் புறா வளர்ப்பவராம். அரைமணி நேரம் புறாவைப் பற்றியே பேசிவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார். இன்று நான் செய்யும் ஆன்லைன் கடைத் தளங்களில் ஆயிரக்கணக்கான படங்கள் தாமாகவே வெட்டப்பட்டுத் தாமாகவே உட்காருகின்றன. யார் வீட்டுக்கும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

கிளப் இரண்டாகப் பிரிந்தது. பக்கத்துக்கு வருஷக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் அது இணையத்திலிருந்து போயிற்று. அண்ணன் கல்யாணம் முடித்து குவைத்துக்குப் போனான். அவன் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன புறாக்கள், புது இடத்தில் திறந்துவிட்டதும் எங்கள் மாடிக்கே திரும்பி வந்தன. கூண்டைப் பிரித்த பிறகும் சில நாள் வந்து சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்தன.

போன லீவில் அவன் வந்திருந்தபோது இருவரும் பாரிவாக்கம் வரை போனோம். மனைகளெல்லாம் வீடுகளாகிவிட்டன. வேன்காரர் மாடி எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மதியம் திரும்பி வந்ததும், "அந்தப் புறா வெப்சைட்டு உன்கிட்ட எங்கியாச்சும் கீதா?" என்று கேட்டான்.

பழைய லேப்டாப்பில் கோப்புகள் இருந்தன. திறந்தேன். அண்ணன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தான். இது ஓங்கோல்ல இருந்து வந்தது. இது பருந்துகிட்ட மாட்டி வாலு போனது. இது அந்த ஆவடி அம்மாவுது.

சமையலறையிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

"தோ வர்றோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக்குத் தள்ளினான்.