ரீவியில் பார்த்த கலியாணம்

எங்கள் வீட்டு ரீவிக்கு ஒரு காலத்தில் நான்தான் வைத்தியர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எட்டு வயதில் வேறு எந்த வேலையிலும் என்னை யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. கணக்குப் பாடத்தில் நான் எடுத்த புள்ளிகளை அம்மா வெளியில் சொல்வதேயில்லை.

யுத்தம் முடிந்து நாங்கள் மீள்குடியேறி, மல்லாவிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்த வருஷம், மாமா வவுனியாவிலிருந்து அந்த ரீவியைக் கொண்டுவந்தார். மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ரீவி ஏற்கனவே யாரோ வீட்டில் நெடுங்காலம் உழைத்துக் களைத்த தொலைக்காட்சிப் பெட்டி. "ஜப்பான் சாமான், சாகாது" என்றார் மாமா. அது சாகவில்லைதான். ஆனால் ஒரு நாளாவது சுகமாக இருந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

சில நாள் படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டேயிருக்கும். சில நாள் செய்தி வாசிப்பவரின் முகத்தில் மழை பெய்யும். சில நாள் ஆட்களெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவார்கள். ஒவ்வொரு நோய்க்கும் வீட்டில் ஒரு ஆள் இருந்தது. மழைக்கு அம்மா. முற்றத்தில் கமுகந்தடியில் கட்டியிருந்த அன்ரனாவைப் பிடித்து, "இப்ப எப்பிடி? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே திருப்புவார். இரட்டை உருவத்துக்கு மாமா. வலப்பக்கத்தில் ஒரே ஒரு தட்டு. அந்த இடம் அவருக்குத்தான் தெரியும் என்பார். உருளும் படத்துக்கு நான். பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் என் கை மட்டும்தான் போகும். பின்னால் இருந்த சின்னத் திருகியை மயிரிழை அளவு திருப்பினால் படம் நிற்கும். "எங்கட மெக்கானிக்" என்று மாமா சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பக்கத்து வளவில் பெரியம்மா தனியாக இருந்தார். அம்மாவின் மூத்த சகோதரி. பெரியப்பாவை யுத்தம் முடிந்த நாளில் ஆமிக்காரர் விசாரணை என்று சொல்லி பஸ்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. வருவார் என்று பெரியம்மா சொல்வார். அதற்கு மேல் யாரும் அவரோடு அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அவர்களுடைய ஒரே மகள், எனக்கு அக்கா முறை, கனடாவில் இருந்தாள். அவளுக்கு அங்கேயே கலியாணம் ஒழுங்காகியது. பெரியம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பெற்ற தாய் இல்லாமல் கலியாணம் நடந்து முடிந்தது. பெரியம்மா பார்த்ததெல்லாம் மாமாவின் போனில் வந்த இரண்டு படங்கள்தான்.

நாலு மாதம் கழித்து, திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த ஒருவர் கையில் கலியாண டிவிடி வந்து சேர்ந்தது. பெரியம்மா அதை இரண்டு நாள் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது என்று முடிவாகியது. நல்ல காரியத்துக்கு நாள் பார்க்க வேண்டாமா?

அந்த ஞாயிறு பின்னேரம் அவர் வந்த கோலத்தை நான் மறக்கமாட்டேன். மாம்பழ நிறப் பட்டுச் சேலை, கொண்டையில் பூ. கையில் ஒரு தட்டு. அதில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. எங்கள் வீட்டு வாசலில் நின்று, படம் பார்க்க வந்த அயல் பெண்களுக்கெல்லாம் சந்தனம் தொட்டுக் கற்கண்டு கொடுத்தார். பெண்ணைப் பெற்றவள் மண்டப வாசலில் செய்யவேண்டிய வேலையை நாலு மாதம் பிந்தி எங்கள் வீட்டு வாசலில் செய்தார். எல்லோரும் பாயில் வரிசையாக இருந்தார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் கதிரை.

மாமா டிவிடியைப் பிளேயரில் போட்டார். மேளச் சத்தம் நன்றாக வந்தது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. வந்த வேகத்திலேயே உருளத் தொடங்கியது. அக்காவின் தலை கீழே போக, கால் மேலே வந்தது.

"என்ர பிள்ளை கறுப்புக் கூறைச் சேலையோ கட்டினவள்?" என்று பெரியம்மா கேட்டார்.

வைத்தியர்கள் மூன்று பேரும் எழுந்தோம். நான் திருகியைத் திருப்பினேன், நிற்கவில்லை. மாமா தட்டினார், பிறகு அடித்தார். டிவிடிக்கும் அன்ரனாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று மாமா சொல்லச் சொல்ல, அம்மா முற்றத்துக்குப் போய் அதைச் சுற்றுச் சுற்றென்று சுற்றினார். டிவிடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். பக்கத்து வீட்டு மாமி பாயில் இருந்தபடியே, "கனடாவில கரண்ட் வேற. அங்கத்தைச் சாமான் இஞ்ச ஓடாது" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தோம்.

கடைசியில் வந்தவர்கள் அம்மா கொடுத்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு எழும்பினார்கள். பெரியம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் ரீவிக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். அவர் மகளின் கலியாணத்தைப் பார்க்க முடியாமல் போனது என் கையாலாகாத்தனத்தால்தான் என்று முழுதாக நம்பினேன். எப்படியாவது அதைத் துலக்கமாகக் காட்டிவிட வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தேன்.

அடுத்த நாள் மாமா டிவிடியையும் பிளேயரையும் ஒரு உரப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் மல்லாவியிலுள்ள ரீவிக் கடைக்குப் போனார். பொழுதுபடுவதற்குள் வந்துவிட்டார். அந்த நாட்டு டிவிடி வேறு மாதிரிப் பதிவாம். பிளேயரில் ஒரு இடத்தில் மாற்றிவிட்டால் போதுமாம். பக்கத்து வீட்டு மாமி கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்து, மாமா அங்கேயே முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

ஆனால் வேலை முடித்துவந்த சந்தோஷம் அவரிடம் இல்லை. கிணற்றடியில் அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் கிட்டப் போனதும் கதை நின்றது. பிறகு மாமா பெரியம்மாவிடம், "படம் சரி வந்திட்டுது பெரியக்கா. ஆனா நடுவில கொஞ்சம் பழுது. அந்த இடத்தில தெரியாது" என்றார்.

"மிச்சம் தெரியுந்தானே? அது காணும்" என்றார் பெரியம்மா.

மறு ஞாயிறும் அதே சேலை, அதே சந்தனம், அதே அயலவர்கள். தட்டில் மணமக்களை வாழ்த்திப் போடும் அறுகரிசியும் இருந்தது, எல்லோர் கையிலும் கொஞ்சம் கொடுத்தார். இந்த முறை மாமா பாயில் இருக்கவில்லை. ரீவிக்குப் பக்கத்தில், பிளேயரோடு ஒட்டிக்கொண்டு குந்தியிருந்தார். எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். அது என்னுடைய இடம்.

படம் வந்தது. நிறத்தோடு வந்தது. கூறை நல்ல இரத்தச் சிவப்பு. பெரியம்மா சிரித்தார், உடனே அழுதார், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். "மெலிஞ்சு போனாள்" என்றார். "தலைச்சோடிப்பு நல்ல வடிவு" என்றார். மாப்பிள்ளை தாலி கட்டும்போது கதிரையிலிருந்து எழும்பி நின்று, கையில் வைத்திருந்த அறுகரிசியை ரீவியை நோக்கிப் போட்டார். பாயில் இருந்தவர்களும் எழும்பிப் போட்டார்கள். ரீவியின் தலையிலும் என் தலையிலும் அரிசி விழுந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

கொஞ்ச நேரத்தில் படம் பட்டென்று போனது. திரை முழுக்க நீலம். நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதுதான் நான் சொன்ன இடம். பொறுங்கோ, வந்திடும்" என்றார் மாமா. அவருடைய வலது கை பிளேயருக்குப் பின்னால் இருந்தது.

நான் சுவரோரம் எட்டிப் பார்த்தேன். பிளேயரிலிருந்து வரும் மூன்று வயர்களில் மஞ்சள் வயர் கழன்று மாமாவின் விரல்களுக்கிடையில் இருந்தது. படத்தைக் கொண்டுவரும் வயர் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயர் கழன்றதைக்கூடக் கவனிக்காமல் டிவிடியில் பழுது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாரே! என் கை மட்டும் போகும் அந்த இடைவெளியால் கையை விட்டு, அவர் விரலிலிருந்து வயரை உருவி, அதன் ஓட்டைக்குள் அழுத்தினேன்.

படம் வந்தது. அக்காவும் அத்தானும் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு மேசை. மேசையில் பெரியப்பாவின் படம். படத்துக்கு மல்லிகை மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் விளக்கேற்றியிருந்தார்கள்.

"பெரியம்மா, பெரியப்பா தெரியிறார்" என்று நான் கத்தினேன்.

எங்கள் ஊரில் ஒருவரின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்பது அவர் செத்த பிறகுதான். பெரியம்மா வீட்டுச் சுவரில் இருந்த பெரியப்பாவின் படத்துக்கு ஒரு பூக்கூட வைத்ததில்லை. வைக்க யாரையும் விட்டதுமில்லை. அது அயலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்த நேரம் என் கண்ணுக்குப் பட்டதெல்லாம் படத்தின் துலக்கம்தான். பெரியப்பாவின் சட்டைப் பையில் இருந்த பேனைகூடத் தெரிந்தது.

மாமாவின் கை என் கைக்கு மேல் இருந்தது. ஆனால் அவர் வயரைத் திரும்ப இழுக்கவில்லை. பாயில் இருந்தவர்கள் பாயைப் பார்த்தார்கள். பெரியம்மா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி முடிந்து, ஆட்கள் பந்தியில் இருந்து சாப்பிடுவது வந்தது. அப்போதுதான் அவர் எழும்பினார். "வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அம்மா பின்னால் ஓடினார்.

அன்று என்னை ஒருவரும் மெக்கானிக் என்று சொல்லவில்லை. மாமா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் செய்த பிழையை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தாள். மாமாவின் போனைச் சத்தமாக வைத்து, பெரியம்மா எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து கதைத்தார். நான் அவர் காலடியில் இருந்தேன். சமையல், சாமான் விலை, மாப்பிள்ளையின் வேலை எல்லாம் கதைத்து முடித்த பிறகு அக்கா கேட்டாள்.

"அம்மா, கலியாணப் படம் முழுக்கப் பாத்தனீங்களே?"

அவள் குரல் என்னவோ மாதிரி இருந்தது. எங்கள் ரீவியைப் பற்றிப் பயப்படுகிறாள் போல என்று எனக்குப் பட்டது.

"ஓம் பிள்ளை, பாத்தனான். கூறை நல்ல வடிவு. உனக்குப் பொருந்தியிருந்தது" என்றார் பெரியம்மா. தொடர்ந்து சொன்னார்: "தாலி கட்டினாப் பிறகு கொஞ்ச இடம் தெரியேல்லை. எங்கட ரீவி பழசெல்லே. பிறகு சாப்பாட்டில இருந்து திரும்ப வந்தது."

அந்தப் பக்கத்தில் அக்கா அழுவது கேட்டது.

"ஏன் பிள்ளை அழுகிறாய்? நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்திட்டன்" என்றார் பெரியம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லை அக்கா, நான்..." என்று வாயைத் திறந்ததும் அம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்தி, அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். நான் திமிறினேன், அழுதேன். அன்று முழுக்கச் சாப்பிடவும் இல்லை, பெரியம்மாவோடு கதைக்கவும் இல்லை. வயரைக் கொளுவியது நான். படம் துலக்கமாக வந்ததை அவர் என்னைவிட நன்றாகப் பார்த்தார். பிறகேன் தெரியவில்லை என்று சொல்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.