மேல்காது ஆறுகிறவரை

என் தங்கையின் கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போக வேண்டுமானால், அத்தை போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். இரண்டு மேல்காதிலும் கொப்பு ஏறியிருக்க வேண்டும்.

"மூளிக் காதோட உன்னை அனுப்பினா, மருமகளைக் கல்கத்தா வரைக்கும் கூட்டிட்டுப் போயி என்னத்தப் போட்டு அழகு பார்த்தாவன்னு உங்க ஊர்ல கேப்பாவ" என்றாள்.

அத்தை என்றால் என் மாமியார். திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் பெண்கள் எல்லோருக்கும் காதின் மேல்மடலில், குருத்தெலும்பைத் துளைத்துப் போட்ட கொப்பு என்கிற நகை இருந்த காலம் அது. நான் சிறுமியாக இருந்தபோது அழுத அழுகையில் அம்மா மனம் இளகி, என்னையும் பிறகு தங்கையையும் கீழ்க்காதோடு விட்டுவிட்டாள். அந்த இளக்கத்தை அத்தை கடைசிவரை மன்னிக்கவில்லை.

அப்போது தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போகவில்லை. என் கணவர் சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தார். பவானிப்பூரில், முற்றத்தைச் சுற்றி நாலு வங்காளிக் குடும்பங்கள் இருந்த வீட்டில், எங்களுக்கு மாடியில் இரண்டு அறை. துர்கா பூஜை முடிந்த வாரம் அத்தை ஒரு தட்டாரை வரவழைத்தாள். அவர் என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூக்கும் கீழ்க்காதும்தான் குத்திப் பழக்கம், இது எலும்பு, வேண்டாம் அம்மா என்றார். அத்தை தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள். கல்யாணம் தை மாதம் என்பதால் இரண்டு காதையும் ஒரே நாளில் குத்தினார். ஊசி இறங்கியபோது கடுக்கென்று காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. துளைக்கு ஒன்றாக விளக்குமாற்று ஈர்க்கைச் செருகிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் காதுக்கு அத்தைதான் எஜமானி. காலையில் வெந்நீர் சொட்டவிட்டுப் பொருக்கை நகத்தால் உரிப்பாள். ஈர்க்கை மூன்று சுற்றுச் சுற்றி, மஞ்சள் குழைத்த தேங்காயெண்ணெயைத் தடவுவாள். துளை பெரிதாக வாரம் ஓர் ஈர்க்கு கூடச் சேர்ப்பாள். முந்தின நாள் ஆறியதெல்லாம் மறுநாள் காலையில் கிழிந்துவிடும். இரண்டு பக்கமும் புண் என்பதால் ஒருக்களித்துப் படுக்க வழியில்லை. மல்லாந்தபடியே விடிகிறவரை உத்தரத்தை எண்ணிக்கொண்டு கிடப்பேன்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வாசனைக் கட்டுப்பாடு. தாளிக்கிற வாசனை பட்டால் புண் சீழ்கோத்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊரில் என்றால் கடுகு வெடிக்கிற நேரம் மட்டும் வெளியே போய் நின்றால் போதும். இங்கே நாலு வீட்டிலும் காலையும் மாலையும் கடுகெண்ணெயில் மீன் பொரிப்பார்கள். அத்தைக்கு அந்த வாசனையே ஆகாது, இதில் புண்ணும் சேர்ந்துகொண்டது. என்னை உள்ளறையில் வைத்து ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழந்துணியை அடைத்தாள். கார்த்திகை, மார்கழி முழுக்க நான் அந்த அறையில்தான் இருந்தேன். சோறும் அங்கேதான் வந்தது. பகலிலும் விளக்கு எரிந்தது. எனக்கு மூச்சு முட்டியது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு மத்தியானம் அத்தை கண்ணயர்ந்தபோது துணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன். எதிர்மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த, காக்கிமா என்று நான் கூப்பிடும் வங்காளி அம்மாள் என் காதைப் பார்த்துப் பதறிப் போனாள். உப்பு போட்ட வெந்நீரால் கழுவு, கையை வைக்காதே, காற்றுப் படட்டும் என்று வங்காளி பாஷையில் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு அவள் மொழி பாதிதான் புரியும், கையால் காட்டியது முழுக்கப் புரிந்தது. நாலு மத்தியானம் அப்படியே செய்தேன். வலது காதில் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள் அத்தை பார்த்துவிட்டாள். திட்டவில்லை. துணிப்பெட்டியை இழுத்து ஜன்னலை ஒட்டிப் போட்டு, அதன் மேல் அரிசி மூட்டையை ஏற்றிவிட்டாள்.

கணவரிடம் அழுதேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கோ. அம்மைக்கு இதெல்லாம் தெரியும்" என்றார். நல்ல மனிதர்தான். அவர் நல்ல குணம் எனக்கு ஒரு காசுக்கும் உதவவில்லை.

ரயிலேறுவதற்கு முந்தின நாள் அத்தை கொப்புகளைக் கொண்டுவந்தாள். வலது காதில் சுலபமாக ஏறியது. இடது காது பழுத்த அத்திப்பழம் மாதிரி இருந்தது. அதில் கொப்பு ஏறாவிட்டால் பயணம் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். "நானே போட்டுக்கிடுதேன் அத்தை" என்று கொப்பை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே தள்ளினேன். ரத்தமும் சீழும் கழுத்தில் வழிந்தன. துடைத்துவிட்டுப் பக்கத்து மயிரை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"இப்பத்தான் காது காதா இருக்கு" என்றாள் அத்தை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சென்னப்பட்டணம் வருவதற்குள் காய்ச்சல் அடித்தது. ஊரில் வண்டியை விட்டு இறங்கியபோது கணவர்தான் தாங்கிப் பிடித்தார். அம்மா இடது காதுக் கொப்பைக் கழற்றியபோது கூடவே கொஞ்சம் சதையும் வந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "கல்யாண வீடு, பந்திச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு எரியுது, தாளிக்கிற வாசம் ஆகாதுட்டி" என்று என்னை உள்ளறையில் படுக்கவைத்து ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

தாலி கட்டும்போது அடித்த கெட்டிமேளத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

மத்தியானம் தங்கை மாலையோடு என்னைப் பார்க்க வந்தாள். பின்னாலேயே அவள் மாமியாரும் அம்மாவும் வந்து நின்றார்கள். என் வலது காதுக் கொப்பை அந்த அம்மாள் ஆசையாகத் தொட்டுப் பார்த்து, மருமகளுக்கும் சித்திரையில் குத்திவிடலாம் என்றாள். தங்கை என் பக்கம் குனிந்தாள்.

"வலிக்குமாக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த மாமியாரும் பார்த்தாள். என் இடது காது தலையணையில் புதைந்திருந்தது.

"வலிக்காது" என்றேன்.