பூசணி உடைத்த இடத்தில் வந்த தண்ணீர்

எங்கள் போர்வெல் ரிக் வண்டியின் நெற்றியில் ‘முருகன் துணை’ என்று தமிழில் எழுதியிருந்தது. தான்சானியா நாட்டில், உச்சி வெயிலில், ஒரு செம்மண் பாதையோரம் வண்டியை நிறுத்தி டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஓர் இளம் பெண். சாம்பல் நிறக் கவுன், தலையில் வெள்ளை முக்காடு, கழுத்தில் சிலுவை, பின்னால் கேரியரில் கால் கட்டிய இரண்டு கோழிகள். கண்ணை இடுக்கிக்கொண்டு வண்டியின் நெற்றியைப் படித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “ஏனுங்கண்ணா, திருச்செங்கோட்டு வண்டிங்களா?” என்றார். என் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். விழவில்லை. ஆனால் ஏழு மாதமாக எங்கள் ஆறு பேரின் வாயைத் தவிர வேறு எந்த வாயிலும் கேட்காத பேச்சு அது. வெயிலில் யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தது போல இருந்தது.

நான் வெண்ணந்தூர்ப் பக்கம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரிக் வண்டி ஏறியவன். எங்கள் பக்கத்து வண்டிகள் போகாத தேசம் கிடையாது. நிலத்தைத் துளைத்துத் தண்ணீர் காட்ட எங்கே கூப்பிட்டாலும் போவோம். சிஸ்டருக்கு ஆட்டையாம்பட்டி. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கன்னியர் சபையில் சேர்ந்து, வேதபோதகப் பணிக்கென்று அந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்தெட்டு இருக்கும். சந்தோஷத்தில் நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்: “ஆட்டையாம்பட்டியில எந்தப் பக்கமுங்க?” எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். “காலனிங்கண்ணா. அப்பா தறி ஓட்டறாருங்க” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கோழிகளின் கட்டைச் சரி செய்தார்.

அவர் இருந்த கிராமத்தைச் சுற்றித்தான் எங்களுக்கு அடுத்த வேலைகள் எல்லாம். பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே வண்டியை நிறுத்திக் கூடாரம் போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார். ஒன்றரை மாதம் அங்கே இருந்ததால் அவருடைய ஒவ்வொரு நாளையும் பார்க்கக் கிடைத்தது. தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. கூட ஒரு மூத்த சிஸ்டர், அந்த நாட்டுக்காரர். விடிவதற்கு முன் இருவரும் பாடுவது கேட்கும். பிறகு கோழி, ஆடு, முருங்கைக்குத் தண்ணீர். முருங்கை விதையையும் கறிவேப்பிலை விதையையும் ஊரிலிருந்து துணிக்குள் முடிந்து கொண்டுவந்தாராம். முருங்கை வந்தது, கறிவேப்பிலை வரவில்லை. “அதுக்கு இந்த ஊரு இன்னும் புடிபடலீங்கண்ணா, என்னாட்டமே மொதல்ல அழுதுட்டுத்தான் இருக்கும்” என்பார். முதல் வருடம் தினமும் அழுதாராம். பாஷை வரவில்லை, சோளக்களி இறங்கவில்லை. நம்மூர் ராகிக் களியை நினைத்துக்கொண்டு விழுங்கியதாகச் சொன்னார். எப்படிப் பாஷை வந்தது என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அன்றைக்கே என் டைரியில் எழுதி வைத்தேன்: “தப்பாப் பேசறப்ப கொழந்தைங்க சிரிக்கும். கூடச் சேர்ந்து நானும் சிரிச்சேன். சிரிச்சுச் சிரிச்சே வந்துருச்சு.”

பாடம் நடத்துவதை வேலை இல்லாத நாட்களில் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். ஒரே அறையில் எழுபது, எண்பது பிள்ளைகள். சிஸ்டர் தறி வீட்டில் வளர்ந்தவர் அல்லவா? அந்த ஊர் ஆட்கள் தோளில் போர்த்துகிற கட்டம் போட்ட சிவப்புத் துணி ஒன்றைத் தரையில் விரிப்பார். நெடுக்கே எட்டுக் கட்டம், குறுக்கே ஆறு கட்டம், மொத்தம் எத்தனை என்று கேட்பார். பிள்ளைகள் விழுந்தடித்து எண்ணும். இரண்டு நாள் எண்ணவிட்டு, மூன்றாம் நாள் எண்ணாமலே சொல்லும் வழியைச் சொல்லுவார். வாய்ப்பாட்டைத் துணியில் நான் பார்த்தது அங்கேதான். நாற்பது வயதில் எனக்கும் எட்டாம் வாய்ப்பாடு சரியாக வந்தது.

மதப்போதனை என்றால் என் மனதில் வேறு படம் இருந்தது. மைக் வைத்துச் சத்தம் போடுவார்கள் என்று. இவர் ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதைதான் சொல்வார். கதையின் நடுவில் நிறுத்திவிட்டு, “நீயா இருந்தா என்ன செய்வே?” என்று ஒவ்வொருவரையும் கேட்பார். ஒரு தடவை என்னைப் பார்த்தும் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்தேன்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பேர் வாசிப்பார். ஏழாம் வகுப்பில் பதினொரு பெண் பிள்ளைகள். பாதிப் பேருக்கு மேல் பதில் வராது. மீதிப் பிள்ளைகள் சேர்ந்து ராகமாக ஒரு சொல்லைச் சொல்வார்கள். ‘ஆற்றில்’ என்று அதற்கு அர்த்தம். மூன்று மைல் நடந்து, காய்ந்த ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, மஞ்சள் கேனில் தண்ணீர் சுமந்து வரும்போது உச்சி வெயில் ஆகிவிடும். அந்தப் பிள்ளைகள் வருடக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை எழுதினால்தான் மேலே படிக்க முடியும், இல்லாவிட்டால் கல்யாணம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு போர் போட்டுவிட்டால் பதினொன்றையும் பரீட்சையில் உட்கார வைத்துவிடுவேன் என்று சிஸ்டர் தாய்மாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். சபையில் எழுதிக் கேட்டு ஏற்பாடும் செய்துவிட்டார். எங்கள் வேலைகளில் கடைசியாக அந்தப் போர் இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். தினம் சாயங்காலம் சிஸ்டர் கூடாரத்துப் பக்கம் வந்து, “டீ வெக்கட்டுங்களாண்ணா?” என்று கேட்பார். “இப்பத்தானுங்க சிஸ்டர் குடிச்சேன்” என்பேன். ஒன்றரை மாதமும் நான் ‘இப்பத்தான்’ குடித்துக்கொண்டிருந்தேன். கிராமத்து வீடுகளிலும் அப்படியே. எங்கள் சமையல் எங்கள் சட்டியில், எங்கள் தண்ணீர் எங்கள் டேங்கில்.

போர் போடுவதற்கு முந்தின வேலையில் துளை போடுகிற ஹேமர் பாறைக்குள் மாட்டிக்கொண்டது. எங்கள் ஆள் ஒருவருக்குக் கை நசுங்கிவிட்டது. அதனால் இந்த முறை எலுமிச்சம்பழம் போதாது, பூசணியே உடைக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றைக்கு சிஸ்டர் பம்பு சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடத்தில் பூசை செய்தால் தப்பாக நினைப்பார்களோ என்று நாங்களாகவே பயந்து, ஆள் எழுந்து நடமாடுவதற்குள், மக்காச்சோளக் காட்டை ஒட்டி மறைவாக நின்று செய்தோம். சந்தையில் வாங்கிய பூசணியைக் குடைந்து குங்குமத் தண்ணீரை ஊற்றி, கற்பூரம் காட்டி, துளை போடக் குறித்த இடத்தைச் சுற்றி உடைத்தோம். மண்ணெல்லாம் சிவப்பு. பின் ரிக்கை ஓட்டினோம். இருநூற்றுப் பத்து அடியில் தண்ணீர் பீறிட்டது. கத்திக்கொண்டு ஓடினேன். பிள்ளைகள் வந்தார்கள், பெரியவர்கள் வந்தார்கள். இருபது அடி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடிபம்பு மாட்டியும் யாரும் வரவில்லை. நான்கு நாள் மஞ்சள் கேன்கள் பம்பைத் தாண்டி ஆற்றுக்கே போயின. ஐந்தாம் நாள் சிஸ்டர் என்னிடம் வந்தார்.

“அண்ணா, பூசணி ஒடச்சீங்களா?”

ஒத்துக்கொண்டேன். சோளக் காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் பார்த்திருக்கிறார். வெளியூர் ஆட்கள் இருட்டு கலைவதற்குள் மறைவாக நின்று, தண்ணீர் வரும் இடத்தில் ரத்தம் போல எதையோ ஊற்றி மந்திரம் செய்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். நம்மூர் முச்சந்தியில் சிவப்பாக ஒரு பூசணி உடைந்து கிடந்தால் நான் தாண்டிப் போவேனா? வண்டியை ஒதுக்கி ஓட்டுகிறவன்தானே. அவர்கள் பயமும் என் பயமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

சிஸ்டர் திட்டவில்லை. “எங்கப்பாவும் தறிப் பட்டறையில ஆயுத பூசைக்கு மொதலாளிக்காக ஒடைக்கறவருதானுங்க” என்றார். அங்கே ஞாயிறு ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஒரு சுலப வழி சொன்னாராம்: மந்திரித்த தண்ணீரைத் தெளித்து, பேய் ஓடிவிட்டது என்று அறிவித்துவிட்டால் எல்லோரும் குடிப்பார்கள். சிஸ்டர் ஒப்பவில்லை. “அப்படிச் சொன்னா நீங்க பேய் வெச்சீங்கன்னு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிருமுங்கண்ணா. அப்படி ஒரு தண்ணி எனக்கு வேண்டாம்” என்றார். பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகள் இன்னும் ஆற்றில்தான் இருந்தார்கள். அப்படியிருந்தும் அந்தச் சுலப வழியை வேண்டாம் என்றவரை நான் அன்றுதான் சரியாக ஏறிட்டுப் பார்த்தேன்.

மாமரத்தடியில் ஊர் கூடியது. சிஸ்டர் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, நான் சொல்லச் சொல்ல அவர்கள் பாஷையில் சொன்னார். ஹேமர் மாட்டக் கூடாது, ஆளுக்கு அடிபடக் கூடாது என்று எங்கள் சாமியைக் கேட்டோம், வேறு எதுவும் இல்லை என்றேன். தன்னிடம் சொல்ல வேண்டியதைத் தன் ஊர்க்காரர்கள் மறைத்ததற்கு அவரும் மன்னிப்புக் கேட்டார். அப்போது சந்தையில் வறுத்த கடலை விற்கிற அம்மா ஒருவர் எழுந்தார். பெண்கள் குழுவுக்குத் தலைவி. நிதானமாக நாலு வார்த்தை கேட்டார். சிஸ்டர் மண்ணைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்:

“‘நீங்க வந்து ஒன்றரை மாசமாச்சு. எங்க ஊடுகள்ல யார் கையிலயும் ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. எங்க தண்ணி ஆகாதவங்க குடுக்கற தண்ணிய நாங்க எப்படி நம்பிக் குடிக்கறது?’ன்னு கேக்கறாங்கண்ணா.”

கேள்வி அந்த அம்மாவுடையது. குரல் ஆட்டையாம்பட்டியுடையது. “வயித்துக்கு ஒத்துக்காதுன்னு சொல்லுங்க சிஸ்டர்” என்றேன்.

“அது நெசமுங்களாண்ணா? நெசம்னா சொல்றேன்.”

அதட்டலாக இல்லை. மொழிபெயர்க்கிறவர் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். “இல்லீங்க” என்றேன்.

அந்த அம்மாவின் வீடு மரத்துக்குப் பின்னாலேயே இருந்தது. போய் வாசலில் நின்று கை நீட்டினேன். பானையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குவளையில் மொண்டு கொடுத்தார். ஆற்று மணலின் கலங்கலும் அடுப்புப் புகையின் வாசமுமாக இருந்தது. தண்ணீர் இறங்குகிறதா என்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களில் மூன்று பேர் பின்னால் வந்து குடித்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. மறுநாள் காலை முதல் கேனைப் பம்படியில் வைத்தது அந்த அம்மாதான். அடுத்த வாரம் வருகைப் பதிவேட்டில் ராகப் பதில் நின்றுபோனது. பதினொரு பேரில் ஒன்பது பேர் பரீட்சை எழுதினார்கள். இரண்டு பேருக்கு அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் சிஸ்டர் இன்றைக்கும் போனில் பேசுவார்.

தண்ணீர் வாங்கிக் குடித்த அன்று சாயங்காலம் டீ வைக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நானே போய்க் கேட்டேன். போட்டுக் கொடுத்துவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டார். நல்ல டீ.

ஊருக்கு வந்து இந்தக் கதையைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பூசணியைச் சொல்லுவேன், தண்ணீர் பீறிட்டதைச் சொல்லுவேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிஸ்டர் எந்த ஊர் என்று கேட்டால் சேலம் பக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கடல் தாண்டிக் குடித்த தண்ணீரை என் சொந்தக்காரர் யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் குடிக்க முடிந்ததோ என்று இரண்டு வருடமாக எனக்குள் ஓர் உறுத்தல்.

போன மாதம் சிஸ்டர் கூப்பிட்டார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, தன்னால் வர முடியவில்லை, “முடிஞ்சா ஒரு எட்டுப் பாத்துட்டு வாரீங்களாண்ணா?” என்றார். மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். யார் வீட்டுக்கு என்று போகும்போதே சொல்லிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவள், “பழம் வாங்கோணுமே, வண்டிய நிறுத்துங்க” என்றாள்.

கறுப்புக் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றவர் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. நாங்கள் யார் என்று மகள் போனில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வாசலில் நின்றிருந்த தன் மனைவியிடம் மெதுவாக, “கடையில போயி மூடி தெறக்காத சோடாவா ரெண்டு வாங்கியா” என்றார். எங்களைப் போன்ற ஆட்கள் அந்தத் தெருவுக்கு வந்தால் என்ன குடிப்பார்கள் என்று அவருக்கு அத்தனை வருடப் பழக்கம்.

“சோடா வேண்டாமுங்க. ஊட்டுத் தண்ணி குடுங்க” என்றேன்.

அவர் கண்ணாடிக்குப் பின்னால் என்னைப் பார்த்தாரா, என் மனைவியைப் பார்த்தாரா, தெரியவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்குமுங்க” என்றாள். அவர் உள்ளே போனார். செம்பைத் துலக்குகிற சத்தம் கேட்டது. ஒரு செம்பைத் துலக்க அவ்வளவு நேரம் ஆகாது.