பொம்மையின் உபயோகம்

புதுச்சேரி கப்பல்துறையில் சுங்க வரிசையில் நிற்கிறேன். என் பெட்டியில் உள்ள இருபத்திரண்டு பொருள்களுக்கும் பட்டியல் எழுதிக் கையில் வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் நிற்பவர் குருசுக்குப்பத்துக்காரர். பிரெஞ்சுப் படையிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறார்.

அவர் பெட்டியிலிருந்து அதிகாரி ஒரு மரப்பொம்மையை எடுக்கிறார். முழ உயரம், கழுத்து நிறைய நீலமும் சிவப்புமாக மணிகள், இடுப்பில் சோழிகள்.

"உங்களுதா?"

"வுய் முசியே... ஆமா சார்."

"படிவத்துல உபயோகம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

அவர் நெளிகிறார். "பொண்ணு கேக்கறதுக்கு சார். ஆப்பிரிக்காவுல, கமரூன்ல நான் இருந்த பக்கம், கட்டிக்க நெனைக்கிற பொண்ணு கையில இதைக் குடுப்பாங்க. வாங்கிக்கிட்டா சம்மதம்."

"எந்தப் பொண்ணு?"

கம்பி வேலிக்கு அப்பால் மஞ்சள் புடவையில் நிற்பவளைக் காட்டுகிறார். வரிசை மொத்தமும் திரும்புகிறது.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்கிறேன்.

"இன்னும் கேக்கலீங்க. நாளைக்கு அவளை வேற எடத்துலேர்ந்து பாக்க வர்றாங்க."

"அப்ப ஏன் நிக்கிறீங்க? ஓடுங்க!" கத்தியது நான்தான் என்பது எனக்கே பிறகுதான் உறைக்கிறது.

பொம்மையைப் பறித்துக்கொண்டு ஓடியவர், வேலியருகே போனதும் அதன் மணிகளைச் சரிசெய்துகொண்டே நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவளோ இரண்டு கைகளையும் கம்பிக்குள் நீட்டுகிறாள்.

"மசமசன்னு நிக்கிறீங்களே, குடுங்க இப்படி!"

வாங்கி மார்போடு அணைத்துக்கொள்கிறாள். சுங்கக் கொட்டகை முழுக்கக் கைதட்டல். என் பட்டியல் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

அதிகாரி தலையில் கை வைக்கிறார். "முத்திரை போடறதுக்குள்ள சாமான் கைமாறிடுச்சே! இப்ப யார் பேர்ல எழுத?"

"ரெண்டு பேர் பேரும் போடுங்க சார்," என்கிறாள் வேலிக்கு அப்பால் நிற்பவள்.