காஷ்மீர் பாதாமுக்கு மீன்கடை ஐஸ்

துடியலூரில் என் மீன்கடைக்குத் தினமும் சாயங்காலம் ஒருவர் வருவார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மீன் பக்கம் திரும்பவே மாட்டார். தூக்குப்போசியை நீட்டி ஐஸ் மட்டும் கேட்பார். வாங்கிய ஐஸைக் கடை முன்னால் இருக்கும் குழாயில் மூன்று தடவை கழுவுவார். அதிலேயே பாதி கரைந்துவிடும்.

"எதுக்குங்க இது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மொட்டை மாடியில, தொட்டில காஷ்மீர் பாதாம் வெச்சிருக்கனுங்க. அதுக்குக் குளிரு வேணும். வேர்ல போடறனுங்க."

முழங்கால் வலி வந்து அவர் படுத்திருந்தபோது நானே ஐஸ் கொண்டுபோனேன். மெதுவாக என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். மரத்தின் இலை ஒவ்வொன்றும் தட்டு அகலம் இருந்தது. அது ரோட்டோரத்தில் யாரும் தண்ணீர்கூட ஊற்றாமல் வெயிலில் வளர்கிற நாட்டு பாதாம். கன்று விற்ற நர்சரிக்காரன் இவரை ஏமாற்றியிருக்கிறான். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியுமுங்க. மூணாவது எலையிலயே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"அப்புறம் எதுக்குங்க ஐஸு?"

படிக்கட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சம்மந்தி ஊடு வரைக்கும் காஷ்மீர் பாதாம்னு சொல்லிப்போட்டனுங்க. இப்ப நிறுத்துனா ஏன்னு கேப்பாங்கல்ல?"

"நீங்க திருட்டுத்தனமா மீன் திங்கறீங்கன்னு தெருவே பேசுதுங்க."

"பேசட்டுமுங்க. ஏமாந்துபோனவன்னு பேசாம இருந்தாச் சரி."

சொல்லிக்கொண்டே ஐஸை வேரில் கொட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். மரம் என்னைவிட ஒரு முழம் உயரமாக நின்றது.